சரோஜாதேவி அம்மா: நம் ஊர்த் தமிழில் பேசியவர்

ஏரிக்கரை (அல்சூர்)
15 ஜூலை 2025, இரவு 9:40

இன்று காலை நம் பெங்களூரு மல்லேஸ்வரம் போய்விட்டு வந்தேன். நடிகை சரோஜாதேவி அம்மா நேற்று அங்கே தன் வீட்டிலேயே காலமானார், 87 வயது. இன்று காலை வரை மக்கள் பார்க்க வைத்திருந்தார்கள், அப்புறம் சென்னபட்டணா பக்கம் தசவாரா என்ற அவர்களுடைய சொந்த ஊருக்கு எடுத்துப் போய் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

நான் போனது எனக்காக மட்டும் இல்லை. அம்மாவுக்கு 81 வயது, முட்டிவலி, வரிசையில் நிற்க முடியாது. "நீ போய் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு வா" என்று ஐந்தரை மணிக்கே எழுப்பிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, ஈரத் துண்டில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார், என் கையில் தமிழ்ப் பேப்பரைப் பார்த்ததும் அப்படியே தமிழுக்கு மாறி, "கல்யாணப் பரிசு வந்தப்ப எனக்குப் பதினாலு வயசுப்பா, அவங்களை மாதிரியே ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு அடி வாங்கினேன்" என்றார். கன்னடத்தில் பேசும்போதும் தமிழில் பேசும்போதும் அந்தக் குரலில் ஒரே இழுவைதான். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. சரோஜாதேவி பேசியது இதே தமிழ்தான். சென்னையில் அதைக் 'கொஞ்சும் தமிழ்' என்றார்கள், 'கன்னடத்துப் பைங்கிளி' என்றார்கள். எங்களுக்கு அது எங்கள் தெருவில் கேட்கும் தமிழ்.

நாங்கள் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனால் சொந்தக்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். 'சொல்ப தள்ளிக்கோங்க' என்று (கொஞ்சம் என்பதற்குக் கன்னடத்தில் 'சொல்ப') ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் போதும், அன்று முழுக்க அதைச் சொல்லியே ஓட்டுவார்கள். அம்மா மட்டும் சளைக்காமல், "சரோஜாதேவி பேசினா மட்டும் உங்களுக்கு இனிக்குதா?" என்று கேட்பார். அதற்கு இன்று வரை யாரும் பதில் சொன்னதில்லை.

இந்த இழையில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நடித்ததில் நீங்கள் பார்த்த ஒரு இடம், ஒரு பாட்டு, உங்கள் வீட்டில் அவரைப் பற்றி நடந்த ஒரு பேச்சு, ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.


ராம்புரத்துப் பேத்தி (ஸ்ரீராமபுரம்)
15 ஜூலை 2025, இரவு 10:25

அண்ணா, இதைப் பல வருடமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் பாட்டி வீட்டு நடையில் ஒரு காலண்டர் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும், எந்தப் படத்தில் எடுத்தது என்று தெரியாது, சாயம் வெளுத்து அவர் முந்தானையின் ரோஸ் நிறம் மட்டும் மிஞ்சியிருக்கும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்ததே, அப்போது எனக்கு ஒன்பது வயது. தெருவில் தமிழர் வீடுகளுக்கெல்லாம் பயம். அப்பா வீட்டில் இருந்த தமிழ் எழுத்து எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டார். தினசரி காலண்டர், திருக்குறள் பலகை, வாசலில் ஒட்டியிருந்த பொங்கல் வாழ்த்து எல்லாம் போயிற்று. கடைசியில் இந்தப் படத்திடம் வந்து கை வைத்தபோது பாட்டி குறுக்கே நின்றுவிட்டார். "அவ இந்த ஊர்ப் பொண்ணுடா. அவ இங்க இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்பா வாதாடிப் பார்த்தார், எம்.ஜி.ஆர். முகம் இருக்கிறதே என்றார். பாட்டி அசையவில்லை. அந்த வாரம் முழுக்கக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, எல்லோரும் நடையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். இருட்டில் அந்தச் சட்டத்தின் கண்ணாடி மட்டும் கொஞ்சம் மின்னும். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் படம் என்ன செய்திருக்கும் என்று தெரியாது, ஆனால் எதிர்வீட்டுக் கன்னடத்துக்கார அஜ்ஜி இரண்டு நாளும் பால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்தப் படத்துக்குக் கீழேதான் நின்று பேசினார், இரண்டு கிழவிகளும் சரோஜாதேவியின் கல்யாணத்தைப் பற்றி. வெளியே அந்த நிலைமை, உள்ளே அந்தப் பேச்சு.

பாட்டி 2006இல் போய்விட்டார். படம் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று அதைத் துடைத்து ஒரு பூ வைத்தேன்.


ஈசிட்டி நைட்ஷிப்ட் (எலக்ட்ரானிக் சிட்டி)
15 ஜூலை 2025, இரவு 11:50

நான் மதுரைக்காரன், 2018இல் வேலைக்காக இங்கே வந்தவன். மேலே உள்ளதைப் படித்துவிட்டு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வயதுக்காரர்களுக்குச் சரோஜாதேவி என்றால் மிமிக்ரி மேடையில் 'கோபால்... கோபால்' என்று இழுப்பது ஒன்றுதான். அப்புறம் 'ஆதவன்' படத்தில் பாட்டியாக வந்தார். பழைய பாட்டுகள் டிவியில் வரும்போது பார்த்திருக்கிறேன், அழகாகப் புடவை கட்டிக்கொண்டு எம்.ஜி.ஆரைச் சுற்றி வருவார், வெட்கப்படுவார். அதில் நடிப்பதற்கு அவருக்கு என்ன இருந்தது? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பழைய தகடு (ஜெயநகர்)
16 ஜூலை 2025, காலை 6:15

தம்பி, கேட்டது நல்லதுதான், கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்வதைவிட. நான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இசைத்தட்டு சேர்க்கிறவன் என்பதால் தேதி வருடம் எல்லாம் கூடவே வரும்.

அவர் முதலில் கதாநாயகியானது கன்னடத்தில், 1955இல், ஹொன்னப்ப பாகவதர் அழைத்து வந்த 'மகாகவி காளிதாசா'. தமிழில் பெரிய வாசல் திறந்தது 1958இல் 'நாடோடி மன்னன்'. அதில் பானுமதிதான் முதல் கதாநாயகி, அவர் நடுவிலேயே விலகிவிட, கதையில் அவர் பாத்திரத்தை முடித்துவிட்டுப் பின்பாதிக்குச் சரோஜாதேவியைக் கொண்டுவந்தார் எம்.ஜி.ஆர். அந்தப் பின்பாதிதான் கேவா கலரில் எடுக்கப்பட்டது. அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனை நினைத்துப் பாருங்கள். அத்தனை நேரம் கறுப்பு வெள்ளையில் ஓடிய படம் வண்ணமாகிறது, அந்த வண்ணத்தில் அதுவரை பெரிதாகப் பார்த்திராத ஒரு பெண் வந்து நிற்கிறாள். என் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லியே கிழவனானார்.

மறு வருடமே ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு'. அக்காவுக்காகக் காதலனை விட்டுக்கொடுக்கும் தங்கை. சைக்கிளில் வரும் அந்த ஏ.எம்.ராஜா பாட்டை மட்டும்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், ஆனால் அந்தப் படத்தின் பாரம் அவர் தோளில்தான் இருக்கிறது. அதே 1959இல் இந்தியில் திலீப்குமாரோடு 'பைகாம்'. 1961இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா', வெள்ளைக்காரனை எதிர்த்த ராணி. கன்னடக்காரர்களிடம் போய்க் கேளுங்கள், சரோஜாதேவி என்றால் கையில் வாளோடு நிற்கும் சென்னம்மாவைத்தான் சொல்வார்கள். வெட்கப்படும் பைங்கிளி தமிழ்நாட்டுக்கு மட்டும்தான்!

1964ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'படகோட்டி', 'புதிய பறவை', கன்னடத்தின் முதல் முழுநீளக் கலர் படமான 'அமரசில்பி ஜகணாச்சாரி', எல்லாம் ஒரே வருடம். எம்.ஜி.ஆரோடு 26 படம், கடைசி 1967இல் 'அரச கட்டளை'. அதே காலத்தில் சிவாஜியோடும் ஜெமினியோடும் தனித்தனி வரிசை. மூன்று பேரின் ரசிகர்களும் அந்த நாளில் எப்படி அடித்துக்கொண்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் மூன்று கூட்டமும் ஒத்துக்கொண்ட கதாநாயகி அவர்.

சரி, நடிப்புக்கு வருகிறேன். 'பாலும் பழமும்' பாருங்கள், 1961, பீம்சிங் இயக்கியது. புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர் சிவாஜி, நர்ஸ் சாந்தி இவர். கல்யாணம் ஆகிறது, இவருக்குக் காசநோய் வருகிறது, தன்னால் அவர் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று வீட்டைவிட்டுப் போகிறார். இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது கணவனுக்கு வேறொரு மனைவி, சௌகார் ஜானகி, அதோடு அவருக்குக் கண் பார்வையும் போய்விட்டிருக்கிறது. அதே வீட்டில் வேறு பெயரில் நர்ஸாக வேலைக்குச் சேர்கிறார். எதிரே இருப்பவருக்குக் கண் தெரியாது, இவரால் தான் யாரென்று சொல்ல முடியாது. அந்தப் பகுதி முழுக்க அவர் குரலை ஒரு பக்கமும் கண்ணை ஒரு பக்கமும் ஓட்டுவார். வாய் நர்ஸ் பேசுவது போலப் பேசும், கண் மனைவியாகப் பார்க்கும். சிவாஜி முன்னால் நின்று சரிசமமாகச் செய்வது என்றால் சும்மா இல்லை.

'கோபால்' விஷயமும் அப்படித்தான். மிமிக்ரிக்காரர்கள் அந்த இழுவையை எடுத்துக்கொண்டார்கள், அது எங்கே வருகிறது என்பதை விட்டுவிட்டார்கள். 'புதிய பறவை' பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். பார்த்துவிட்டு அந்தக் 'கோபால்'களை இன்னொரு முறை கேளுங்கள். அந்தப் பெண் ஏன் அவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டாள் என்பது அப்போதுதான் புரியும்.


ஏரிக்கரை (அல்சூர்)
16 ஜூலை 2025, மதியம் 1:10

தகடு சார், சாப்பாட்டு நேரத்தில் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'பாலும் பழமும்' என்று வந்ததும் கையை நிறுத்திவிட்டார். அந்தப் படத்தை அப்பாவோடு பார்த்தாராம், கல்யாணமான புதிதில். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஈசிட்டி தம்பி, நீங்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு வாருங்கள். அந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாம். மனதாரச் சொல்கிறேன்.


விவேக்நகர் டீச்சர்
16 ஜூலை 2025, இரவு 8:05

நான் சினிமா பற்றி எழுத வரவில்லை. கண்ணைப் பற்றித் தகடு சார் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. சரோஜாதேவி அம்மாவின் கண்களைத் தானம் செய்திருக்கிறார்கள், 87 வயதில். இந்த ஊரில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. 2006இல் ராஜ்குமார், 2021 அக்டோபரில் அவர் மகன் புனித், இப்போது இவர். புனித்தின் கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது என்று அப்போது பத்திரிகைகளில் வந்ததே, அதைப் படித்துவிட்டுத்தான் என் கணவர் எங்களிடம் சொல்லிவைத்தார்.

அவர் போன வருடம் விடியற்காலை நான்கு மணிக்குப் போய்விட்டார். வீடே அழுதுகொண்டிருக்க, எனக்கு மட்டும் அவர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள் போனில். வெயில் காலம், ஃபேனை நிறுத்தியதும் ஒரு உறவினர் சத்தம் போட்டார், நான் கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள், அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணாடி போட்டவர், ஒரு கண்ணில் புரை அறுவைசிகிச்சை செய்தவர், எடுப்பார்களோ மாட்டார்களோ என்று நினைத்தேன். அதெல்லாம் தடையே இல்லை என்றார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரோஜாதேவி யாரென்று தெரியாது. இன்று அவர் படம் ஒன்றைக் காட்டி, இந்தக் கண்கள் இப்போது இந்த ஊரில் வேறு யாரோ இரண்டு பேரிடம் இருக்கலாம் என்று சொன்னேன். ஒரு பையன் "அவங்களுக்கும் சினிமா புடிக்குமா மிஸ்?" என்று கேட்டான்.


ஜலஹள்ளி சார்ஜென்ட்
17 ஜூலை 2025, இரவு 7:30

பெரிய நட்சத்திரங்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருப்பார்கள். போன வருடம் நவம்பரில் டெல்லி கணேஷ் போனபோது இந்தப் பக்கம் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு மனக்குறை. அவர் எங்கள் ஆள். 1964இல் இருந்து பத்து வருடம் இந்திய விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம் போட்டவர், அந்தப் பெயர்தான் சினிமாவிலும் ஒட்டிக்கொண்டது, பாலசந்தர் வைத்தது. முதல் படம் 'பட்டினப் பிரவேசம்', 1977.

யூனிபாரம் போட்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒருவர் நிற்கும் விதத்தைப் பார்ப்போம். அவரைப் பாருங்கள், எந்தப் படத்திலும் சும்மா நிற்க மாட்டார். பக்கத்து ஆள் பேசும்போது மேல்துண்டைச் சரிசெய்வார், வெற்றிலையை மடிப்பார், காதைக் கொடுத்துக் கேட்பார். 'சிந்து பைரவி'யில் மிருதங்கக்காரர் குருமூர்த்தி, 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர், 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன், மூன்றும் ஒரே ஆள் என்று சொன்னால்தான் தெரியும். அவர் ஒரு காட்சியில் இருந்தால் அந்த வீட்டில் நிஜமாகவே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று தோன்றும். எத்தனை கதாநாயகர்களின் வீட்டை அவர் வீடாக்கிக் கொடுத்திருக்கிறார்!

நான் பணியில் இருந்தபோது எங்கள் மெஸ்ஸில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து பொங்கலுக்கு நாடகம் போடுவோம். பயமாக இருக்கிறது என்று சொல்கிற புதுப் பையனிடம் சீனியர்கள், "கணேஷ் இங்கிருந்துதாண்டா போனாரு" என்று சொல்லித்தான் மேடை ஏற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன்.


ஈசிட்டி நைட்ஷிப்ட் (எலக்ட்ரானிக் சிட்டி)
18 ஜூலை 2025, அதிகாலை 3:20

ஷிப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். 'புதிய பறவை' பார்த்துவிட்டேன். தகடு சார், இனிமேல் மிமிக்ரியில் அதைக் கேட்டால் என்னால் சிரிக்க முடியாது.

எனக்கு என் காலத்து இழப்பு என்றால் பாடகி பவதாரிணி. 2024 ஜனவரி 25, கொழும்பில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார், 47 வயதுதான். அன்று இரவு ஆபீஸ் பஸ்ஸில் சில்க் போர்டு நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம், போனில் செய்தி வந்தது. முன்சீட்டில் இருந்த ஒரு அக்கா, அவரும் ஐ.டி.தான், திருநெல்வேலி, எனக்குப் பெயர்கூடத் தெரியாது, போனில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டைப் போட்டார். 'பாரதி' படத்தில் அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பஸ்ஸில் தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் இருந்தார்கள், ஒருவரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

அந்தக் குரலில் பயிற்சி பெற்ற பாடகியின் பளபளப்பு இருக்காது. வீட்டில் வேலை செய்துகொண்டே பாடும் தங்கச்சி குரல் மாதிரி, கொஞ்சம் மூக்கில் இருந்து, கொஞ்சம் தயங்கி வரும். ஊரைவிட்டு வந்தவனுக்கு அது வீட்டுச் சத்தம்.


ராம்புரத்துப் பேத்தி (ஸ்ரீராமபுரம்)
18 ஜூலை 2025, காலை 9:00

தம்பி, எனக்கு அப்படி ஒரு குரல் வாணி ஜெயராம். வேலூரில் பிறந்து, கல்யாணமாகி மும்பை போய், அங்கே 1971இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடி இந்தியா முழுக்கத் தெரிந்தவர், அப்புறம்தான் நம் பக்கம் திரும்பி வந்து ஏராளமாகப் பாடினார். மூன்று தேசிய விருது, ஒன்று தமிழுக்கு, இரண்டு தெலுங்குக்கு. காலையில் ரேடியோவில் கன்னடத்தில் பாடுவார், ராத்திரி அதே ரேடியோவில் தமிழில் பாடுவார், இரண்டும் வேறு வேறு ஆள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். எந்த மொழியிலும் உச்சரிப்பில் ஒரு பிசிறு இருக்காது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4ஆம் தேதி போய்விட்டார். அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஐம்பது வருடம் பாடியவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருக்கக் கூடாதா?


பழைய தகடு (ஜெயநகர்)
18 ஜூலை 2025, காலை 11:40

அந்த ஆற்றாமை எனக்கும் உண்டு அம்மா. சரோஜாதேவிக்காவது பத்மஸ்ரீ 1969இலும் பத்மபூஷண் 1992இலும் கிடைத்துவிட்டது. டெல்லி கணேஷ் மாதிரி ஆட்களுக்கு? நானூறு படத்துக்கு மேல் நடித்தவர்.


ஏரிக்கரை (அல்சூர்)
12 செப்டம்பர் 2025, காலை 7:50

இரண்டு மாதம் கழித்து இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று கர்நாடக அமைச்சரவை சரோஜாதேவி அம்மாவுக்கும் கன்னட நடிகர் விஷ்ணுவர்தனுக்கும் கர்நாடக ரத்னா விருது கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறது. மறைந்த பிறகுதான், பேத்தி சொன்ன அதே குறை இதிலும் இருக்கிறது. ஆனாலும் காலையில் கன்னடப் பேப்பர் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. படத்தைப் பார்த்து, தலைப்பில் விரலை வைத்து, "என்ன போட்டிருக்கான், எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்றார். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். அப்புறம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, படத்தின் ஓரத்தை நேராக வெட்டி, சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஈசிட்டி தம்பி, நீங்கள் இன்னும் வரவில்லை.


ஈசிட்டி நைட்ஷிப்ட் (எலக்ட்ரானிக் சிட்டி)
12 செப்டம்பர் 2025, மாலை 4:30

வருகிறேன் அண்ணா. இரண்டு மாதமாக ஞாயிறும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள், இந்த வாரம்தான் விடுப்பு. 'பாலும் பழமும்' வேண்டுமென்றே பார்க்காமல் வைத்திருக்கிறேன், அம்மாவோடு பார்க்க. எத்தனை மணிக்கு வரட்டும்?


ஏரிக்கரை (அல்சூர்)
12 செப்டம்பர் 2025, மாலை 5:05

பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பெரிய படம், நடுவில் சாப்பாடு. பிஸிபேளாபாத் செய்கிறாராம், காரம் எப்படி வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.